ரத்தம் எடுக்கறாங்களே, எதுக்கு?
சண்டிபுரா காய்ச்சலும் எதிர்ப்புப் பொருள் பரிசோதனையும்



போன மாதம் பென்னாகரம் பக்கம் ஒரு பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வரவு செலவு வாசிச்சு, தீர்மானம் எழுதி முடிச்சு, டீ குடிக்கிற நேரத்தில் ஒரு சகோதரி எழுந்து கேட்டாங்க.

"மேடம், என் பேத்திக்குக் காய்ச்சல் வந்து வலிப்பு வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அன்னிக்கே கையில ரத்தம் எடுத்தாங்க, முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தாங்க. பிள்ளை பொழைச்சு வீட்டுக்கு வந்துடுச்சு. இப்போ ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப ரத்தம் கொடுக்க வரச் சொல்றாங்க. பிள்ளை நல்லாத்தானே இருக்கு, இன்னொரு தடவை எதுக்கு? நாங்க போகப் போறதில்ல."

பக்கத்தில் இருந்த இன்னொரு சகோதரி, "எங்க சொந்தக்காரங்க பிள்ளைக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா பிள்ளை தங்கலை. அப்போ அந்த டெஸ்ட் என்னத்துக்கு?" என்றார். "ரத்தத்தை எடுத்து வித்துடறாங்களாம்" என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

உண்மையைச் சொல்றோம் சகோதரிகளே, எங்களுக்கும் அன்னிக்குச் சரியா பதில் சொல்லத் தெரியலை. சேமிப்பு, கடன், சட்ட உரிமை என்று கேட்டால் சொல்லிடுவோம். பரிசோதனைக் கூடத்துக்குள்ளே என்ன நடக்குதுன்னு நாங்க படிச்சதில்லை. அதனால் மருத்துவர்களிடமும் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர்களிடமும் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். இதைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

எடுத்துக்காட்டுக்குச் சண்டிபுரா என்ற காய்ச்சலை எடுத்துக்கொண்டோம். எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பது இந்த நோயில்தான் நல்லா விளங்கும்.

சண்டிபுரா ஒரு ஊரின் பெயர்

மகாராஷ்டிரா மாநிலத்தில் நாக்பூர் பக்கம் சண்டிபுரா என்று ஒரு கிராமம். 1965-ல் அந்தப் பகுதியில் காய்ச்சல் பரவியபோது, புனேயில் உள்ள வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் நோயாளிகளின் ரத்தத்தைக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸ் கிடைத்தது. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த மையம்தான் இன்றைக்குத் தேசிய வைராலஜி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

அதற்குப் பிறகு பல வருடம் இந்த வைரஸைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு இல்லை. 2003-ல் ஆந்திரப் பிரதேசத்தில் குழந்தைகளுக்குத் திடீரென்று காய்ச்சல், வலிப்பு, மயக்கம் வந்தது. 329 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதில் 183 பேர் இறந்துபோனார்கள். எந்த நோய் என்றே முதலில் தெரியவில்லை. ஒவ்வொரு வைரஸாகச் சோதித்து, இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் சண்டிபுரா வைரஸ்தான் என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைகளிடம் எடுத்த ரத்தமும் மற்ற மாதிரிகளும்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

2024-ல் குஜராத்தில் மறுபடியும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அந்த வருடம் ஜூன் முதல் ஆகஸ்ட் 15 வரை மூளைக்காய்ச்சல் அறிகுறியோடு 245 பேர் பதிவானார்கள், 82 பேர் இறந்தார்கள். இதில் பரிசோதனையில் சண்டிபுரா என்று உறுதியானது 64 பேருக்கு. அவர்கள் குஜராத், ராஜஸ்தான் மாநிலத்தவர்கள்.

245-க்கும் 64-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மூளைக்காய்ச்சல் என்பது ஒரே நோய் இல்லை. பல கிருமிகளால் வரும். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எந்தக் கிருமி என்று பரிசோதனைக் கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

"அது வடக்கே நடந்தது, நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நமக்குப் பக்கத்தில் இருக்கிற வேலூர்ப் பகுதியில்தான். நம்ம ஜனங்கள் பிழைப்புக்காகக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பெங்களூரு, ஆந்திரா என்று போய் வருகிறார்கள். சண்டிபுராவைப் பரப்பும் மணல் ஈயும் தமிழ்நாட்டில் உண்டு.

மணல் ஈ எப்படி இருக்கும்?

கொசுவை விட ரொம்பச் சின்னது. 2, 3 மில்லி மீட்டர்தான், ஒரு கடுகு அளவு. உட்காரும்போது இறக்கையை மேலே தூக்கி வைத்திருக்கும். ரொம்ப தூரம் பறக்காது, தத்தித் தத்திப் போகும். சத்தமும் போடாது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். பெண் ஈ மட்டும்தான் கடிக்கும்.

கொசு தண்ணீரில் முட்டையிடும் என்று நமக்குத் தெரியும். மணல் ஈ அப்படி இல்லை. ஈரமான மண், சாணம், குப்பை, இலை மக்கிய இடம், மாட்டுக் கொட்டகை, மண் சுவர் வெடிப்பு, இங்கேதான் முட்டையிடும். அதனால் தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் மணல் ஈ போகாது. சுவர் வெடிப்பையும் கொட்டகையையும் கவனிக்க வேண்டும்.

சண்டிபுரா பெரும்பாலும் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் தாக்குகிறது. ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு நேராக ஒட்டிக்கொண்டதாகக் கண்டறியப்படவில்லை. ஆகவே நோய் வந்த வீட்டை யாரும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.

எதிர்ப்புப் பொருள் என்றால் என்ன?

ஒரு கிருமி உடம்புக்குள் வந்தால், அதை எதிர்க்க உடம்பு ஒரு பொருளைத் தயார் செய்கிறது. அதுதான் எதிர்ப்புப் பொருள். ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனி எதிர்ப்புப் பொருள். இதில் இரண்டு வகை நமக்குத் தெரிந்தால் போதும்.

ஊருக்குள் புதுசா ஒரு ஆபத்து வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு கூட்டம் ஓடி வரும் இல்லையா? அது மாதிரி முதலில் வருவது ஐ.ஜி.எம். சில வாரம், சில மாதம் இருந்துவிட்டு மறைந்துவிடும். இது ரத்தத்தில் இருந்தால் நோய் சமீபத்தில் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது ஐ.ஜி.ஜி. இது நம்ம தீர்மான நோட்டு மாதிரி. என்றைக்கோ நடந்ததும் அதில் பதிவாகி இருக்கும். வருடக்கணக்கில் இருக்கும். ஐ.ஜி.ஜி. மட்டும் இருந்தால், எப்போதோ ஒரு தடவை அந்தக் கிருமி வந்து போயிருக்கலாம். இப்போதைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

பரிசோதனைக் கூடத்தில் நடப்பது

ஒரு குழந்தையிடம் எடுப்பது 2, 3 மில்லி ரத்தம். அரை டீஸ்பூன் அளவுதான். இதை விற்கவும் முடியாது, யாருக்கும் ஏற்றவும் முடியாது. சிறு குப்பியில் வைத்தால் சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சளாகத் தெளிந்த நீர் நிற்கும். உறைந்த தயிரின் மேல் தண்ணீர் தெளிந்து நிற்கிற மாதிரி. அந்த ரத்தநீரில்தான் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. அதைப் பெயர், வயது, ஊர், காய்ச்சல் தொடங்கிய தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். போலியோ சொட்டு மருந்து கொண்டு வருகிற பெட்டி மாதிரிதான்.

பரிசோதனைக்கு எலிசா என்று பெயர். பணியாரக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கை அளவு. அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஐ.ஜி.எம்.-ஐப் பிடித்து வைக்கும் ஒரு பொருளைப் பூசியிருப்பார்கள்.

குழந்தையின் ரத்தநீரை ஒரு குழியில் விட்டதும், அதில் உள்ள ஐ.ஜி.எம். அடியில் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிடுவார்கள். அடுத்து சண்டிபுரா வைரஸின் பகுதியை ஊற்றுவார்கள். ஒட்டியிருப்பது சண்டிபுராவுக்கு எதிரான ஐ.ஜி.எம். என்றால் மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். திரும்பவும் கழுவுவார்கள். கடைசியில் நிறம் காட்டும் திரவங்களை விடுவார்கள். வைரஸ் பகுதி பிடிபட்ட குழியில் நிறம் ஏறும். பிடிபடாத குழியில் ஏறாது. எவ்வளவு நிறம் என்று ஒரு கருவி அளந்து சொல்லும்.

அதே தட்டில் ஒரு குழியில் நிச்சயமாக நோய் உள்ள ரத்தநீரும், இன்னொரு குழியில் நிச்சயமாக நோய் இல்லாத ரத்தநீரும் வைப்பார்கள். தராசு சரியா என்று படிக்கல் போட்டுப் பார்க்கிற மாதிரி. அந்த இரண்டும் சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவார்கள்.

இந்த வேலைக்குச் சில மணி நேரம் போதும். ஆனால் மாதிரி போய்ச் சேரணும், தட்டுக்குத் தேவையான மாதிரிகள் சேரணும். சண்டிபுரா மாதிரி அரிதான நோய்க்கு எல்லா ஊரிலும் பரிசோதனை கிடையாது. புனே நிறுவனம் போன்ற பெரிய கூடங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அதனால்தான் முடிவு வர நாளாகிறது.

"ஒண்ணும் இல்லை"ன்னு வந்தா?

இப்போது அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு வருவோம்.

உடம்பு ஐ.ஜி.எம். தயார் செய்ய சில நாள் ஆகும். காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே ரத்தம் எடுத்தால் அதில் எதிர்ப்புப் பொருள் இருக்காது. நோய் இருக்கும், பரிசோதனையில் "இல்லை" என்று வரும். ஆபத்து வந்துவிட்டது, ஊர் ஜனம் இன்னும் கூடவில்லை, அவ்வளவுதான்.

சண்டிபுராவில் இதுதான் கொடுமை. வலிப்பு வந்து 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். எதிர்ப்புப் பொருள் உண்டாகும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே முதல் நாட்களில் எதிர்ப்புப் பொருள் இல்லை என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. எங்கள் பிள்ளையைக் கவனிக்காமல் "ஒண்ணும் இல்லை"ன்னு சொல்லிட்டாங்க என்று மனசு வேகிற தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த முதல் நாட்களுக்கு வேறு பரிசோதனை உண்டு. கொரோனா நேரத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பி.சி.ஆர். பரிசோதனைதான். அது எதிர்ப்புப் பொருளைத் தேடாது, வைரஸின் மரபணுவையே தேடும். அதனால்தான் சேர்த்த அன்றைக்கே ரத்தம், தொண்டைச் சளி, முதுகு நீர் என்று எடுக்கிறார்கள்.

நமக்கு அடிக்கடி வருகிற டெங்குவிலும் இதே கதைதான். முதல் 5 நாளுக்கு என்.எஸ். 1 என்ற பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எனவே, "காய்ச்சல் என்னிக்கு வந்தது?" என்று கேட்டால் "நாலஞ்சு நாளாச்சுங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்கிறார்கள்.

இரண்டாவது தடவை ரத்தம் எதுக்கு?

முதல் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இல்லாமலோ கொஞ்சமாகவோ இருந்து, 2, 3 வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் நாலு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால், அந்தக் காய்ச்சலுக்குக் காரணம் அந்தக் கிருமிதான் என்று உறுதியாகும். ஒரு ரத்தத்தை மட்டும் வைத்து ஏறியதா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது? போன மாத இருப்பு தெரியாமல் இந்த மாதச் சேமிப்பு எவ்வளவு கூடியது என்று நம்மால் சொல்ல முடியுமா?

சில சமயம் ஒரு வைரஸின் எதிர்ப்புப் பொருள், அதன் சொந்தக்கார வைரஸின் பரிசோதனையிலும் நிறம் காட்டிவிடும். டெங்குவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அப்படிப்பட்ட சொந்தம். சந்தேகம் வந்தால் பெரிய கூடங்களில் உயிருள்ள வைரஸோடு ரத்தநீரைக் கலந்து, அது வைரஸை அடக்குகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் இரண்டாவது ரத்தம் உதவும்.

பிழைத்த பிள்ளைக்கு இதனால் என்ன பலன் என்று கேட்கலாம். சண்டிபுராவுக்குத் தனியாக மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. பலன் ஊருக்குத்தான். கொசுவால் வந்ததா, மணல் ஈயால் வந்ததா என்று தெரிந்தால்தான் எங்கே மருந்து அடிப்பது, எந்த வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது என்று சுகாதாரத் துறைக்குத் தெரியும். ஒரு பேத்தியின் அரை டீஸ்பூன் ரத்தம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

இந்தப் பயம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழே, இடுப்பு எலும்புகளுக்கு நடுவில்தான் ஊசி போடுகிறார்கள். எடுப்பது கொஞ்சம்தான். அந்த நீர் உடம்பில் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவு புதிதாக ஊறுகிறது. சிலருக்கு எடுத்த பின் தலைவலி, முதுகுவலி இருக்கலாம், சரியாகிவிடும். மருந்தால் குணமாகிற பாக்டீரியா மூளைக்காய்ச்சலா என்பதும் அந்த நீரில்தான் தெரியும். அதனால் மருத்துவர் வேண்டும் என்று சொன்னால் தடுக்காதீர்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

பரிசோதனைக்கு முன்னாடி உயிர்

முடிவு வரட்டும் என்று எந்த மருத்துவரும் சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை. காய்ச்சலைக் குறைப்பது, வலிப்பை நிறுத்துவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சுக்கு உதவுவது, இதுதான் சிகிச்சை. இதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நம்ம கையில் இருப்பது நேரம் மட்டும்தான்.

திடீரென்று கடும் காய்ச்சல், அதோடு வாந்தி, வலிப்பு, பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும்:

1. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது எல்லாம் பிள்ளை வீடு திரும்பிய பிறகு செய்துகொள்ளலாம்.

2. வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். துணியைத் தளர்த்துங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மாத்திரை எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது.

3. எத்தனை மணிக்கு வலிப்பு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

4. கடந்த ஒரு மாதத்தில் வேலைக்காகவோ திருவிழாவுக்காகவோ பிள்ளையை எந்த ஊருக்குக் கூட்டிப் போனீர்கள் என்று சொல்லுங்கள்.

5. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் அட்டையோடு காட்டுங்கள்.

6. ஆஸ்பத்திரிச் சீட்டு, பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

சுவர் வெடிப்புகளை மண்ணோ சிமெண்டோ வைத்துப் பூசுங்கள். சாணக் குழியையும் குப்பையையும் வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். சாதாரணக் கொசுவலையின் கண் வழியே மணல் ஈ நுழைந்துவிடும். கண் நெருக்கமான வலையோ மருந்து தோய்த்த வலையோ நல்லது. சாயங்காலம் முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். மருந்து அடிக்க வந்தால் கொட்டகைக்கும் உள் அறைக்கும் விடுங்கள். "சாமி ரூம், வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

குழுவில் என்ன தீர்மானம் போடலாம்?

மகளிர் குழுக்கள் தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே 1989-ல் நம்ம தருமபுரியில்தான். அந்தப் பெருமை நமக்கு இருக்கிறது. பணத்துக்காகக் கூடிய நாம் பிள்ளைகளின் உயிருக்காகவும் ஒரு பக்கம் தீர்மானம் எழுதக் கூடாதா?

வலிப்போடு காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அவசரச் செலவு என்றால், கூட்டம் கூடும் வரை காத்திராமல் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து ஒரு தொகையைக் கையில் கொடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் கணக்கு வைக்கலாம் என்று தீர்மானம் எழுதுங்கள். தொகையை உங்கள் குழுவே முடிவு செய்யட்டும். 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, கிராம சுகாதார செவிலியரின் எண், இந்த மூன்றையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது ரத்தம் கொடுக்கப் போகிற தாய்க்குத் துணையாக ஒரு உறுப்பினர் போகட்டும். ஒரு நாள் கூலி போகுதே என்றுதான் பல பேர் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

போன வாரம் அந்தப் பஞ்சாயத்துக்குத் திரும்பவும் போய் இதையெல்லாம் சொன்னோம். பேத்தி வைத்திருக்கிற அந்தச் சகோதரி முழுசும் கேட்டுவிட்டு, "இதை அன்னிக்கே ஆஸ்பத்திரியில ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் மேடம் மாட்டேன்னு சொல்றேன்?" என்றார். அதுவும் நியாயம்தான். மறுநாள் குழுவில் இருந்து ஒருத்தர் துணைக்குப் போக, பேத்தியைக் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எங்களிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் குழுவில் இதைப் படித்த பின் எழுந்த கேள்விகளை எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொடுங்கள். எங்களுக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த இதழில் எழுதுகிறோம்.